சுவிட்ச் எங்கள் வீட்டில், விளக்கு அம்மாவின் கொட்டகையில்

மழை விட்ட மறுநாள் செம்மண்ணைத் தோண்டினால் ஒரு வாசனை வரும். இரும்பும் வேரும் கலந்து, மூக்கில் ஏறி நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்கிற வாசனை. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரிலிருந்து பின்னால் இருந்த கொட்டகை வரைக்கும் முழங்கால் ஆழத்துக்கு அப்பா ஒரு நீளப் பள்ளம் வெட்டினார். நான் அதன் விளிம்பில் குந்தி உட்கார்ந்து அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர்க் குழாய்க்குப் போகிறவர்களும் காய்கறித் தோட்டத்துக்குப் போகிறவர்களும் நின்று பள்ளம் எதற்கென்று கேட்டபோது, அப்பா வாயைத் திறக்கும் முன்னால் நான் சொல்லிவிடுவேன்: "எங்கம்மாவுக்குக் கரண்டு போகுது."

எழுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் ஆங் மோ கியோ வட்டாரத்தில் அப்போது அடுக்குமாடி வீடு ஒன்றுகூட இல்லை. ரப்பர் மரமும் பன்றிப் பண்ணையும் கீரைப் பாத்தியுமாக இருந்த மேட்டு நிலத்தில், ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், இடத்தில், பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக எங்கள் வீடு இருந்தது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் கப்பல் பழுது பார்க்கும் வேலை. கப்பல் வந்துவிட்டால் இரண்டு நாள், மூன்று நாள் வீட்டுப் பக்கமே வரமாட்டார். வீட்டில் அப்பாவின் அக்கா, என் அத்தை, இருந்தார். முப்பது வயதுக்கு முன்னாலேயே கணவரைப் பறிகொடுத்தவர். அதன் பிறகு எங்களோடுதான். வீட்டில் எது எங்கே இருக்க வேண்டும், யார் எங்கே உட்கார வேண்டும் என்பதெல்லாம் அத்தை சொல்வதுதான்.

நான் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன். அம்மா படுத்ததும் என்னை நிறுத்திவிட்டார்கள். அதற்காக யாரும் என்னைப் பார்த்து உச்சுக்கொட்ட வேண்டியதில்லை. எழுத்து எனக்கு மெதுவாக வரும், ஆனால் வரும். இதையும் நானேதான் எழுதுகிறேன். அவசரம் ஒன்றும் இல்லை.

அம்மாவுக்கு நெஞ்சில் சளிக் காய்ச்சல் என்று வெளியில் சொல்லிக்கொண்டோம். காச நோய் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாயால் சொன்னதில்லை. நான்கு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, மெலிந்து, கழுத்து எலும்பு தெரிய அம்மா திரும்பி வந்தபோது, "மாத்திரையை விடாம சாப்பிட்டா போதும், இனிமே யாருக்கும் ஒட்டாது, ஆனா அடுப்புப் புகை, விளக்குப் புகை ஆகாது" என்று தாதி சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அத்தைக்கு அதில் நம்பிக்கை இல்லை. "வெள்ளைச் சட்டை போட்டவ ஆயிரம் சொல்லுவா. பிள்ளை இருக்கிற வீடு, ஒரே கூரைக்குக் கீழே வேணாம்" என்றார். பின்னால் இருந்த விறகுக் கொட்டகையில் தேங்காய் மட்டையை எல்லாம் வெளியே தள்ளி, சுண்ணாம்பு அடித்து, ஒரு கட்டில் போட்டார்கள். தம்பியை ஜொகூரில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டு வேலைக்கு ஆள் வேண்டுமே என்று என்னை வைத்துக்கொண்டார்கள்.

கொட்டகை வாசலில் ஒரு முக்காலி இருந்தது. கஞ்சியோ சோறோ, நான் கொண்டுபோய் அதன்மேல் வைத்துவிட்டு நான்கு எட்டு பின்னால் வந்து நிற்க வேண்டும். பிறகுதான் அம்மா கதவைத் திறந்து எடுப்பார். இது அத்தை போட்ட சட்டம்தான். ஆனால் அத்தையைவிட அம்மாதான் அதைக் கடுமையாக நடத்தினார். நான் மூன்று எட்டில் நின்றால், "இன்னும் ஒண்ணு" என்பார்.

முதலில் கொட்டகைக்கு அரிக்கேன் விளக்குத்தான். மண்ணெண்ணெய்ப் புகையில் அம்மா இருமுவது சமையலறை வரைக்கும் கேட்டது. அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை சுங்கை ரோடு பழைய சாமான் சந்தைக்குப் போய் ஒரு சுருள் ஒயரும் ஒரு பல்பு மாட்டியும் வாங்கி வந்தார். கப்பலில் பார்த்த வேலைதானே என்று, துணி காயப்போடும் கம்பியோடு ஒயரைச் சுற்றிச் சுற்றிக் கட்டிக் கொட்டகைக்குக் கொண்டுபோனார். தவுக்கேயின் மீட்டரிலிருந்துதான் எங்களுக்குக் கரண்டு. அதனால் பார்த்துவிட்டுப் போக அவர் தன் ஒயர்க்காரர் ஆ லியோங்கை அனுப்பினார். ஒல்லியான மனிதர், காதில் எப்போதும் ஒரு சிகரெட். அவரும் அப்பாவும் மலாயில்தான் பேசிக்கொள்வார்கள். எனக்கு நினைவிருக்கிற வரையில் தமிழில் சொல்கிறேன். துணிக்கம்பியைத் தலை நிமிர்த்திப் பார்த்தார், அதில் தொங்கிய அத்தையின் ஈரச் சேலையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "இதை யார் கட்டினது?"

"நான்தான்."

"மனைவியைக் கொல்லப் போறியா, அக்காவையா? ரெண்டு பேரையுமா? மழை பெஞ்சா மாத்தி லா." மாத்தி என்றால் மலாயில் சாவு; லா என்பது பேச்சோடு சும்மா ஒட்டிக்கொள்கிற சொல். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

அப்படித்தான் அந்தப் பள்ளம் வந்தது. இரும்புக் குழாய்க்குள் ஒயரை விட்டு, குழாயைப் பள்ளத்தில் இறக்கி, மேலே செங்கல் அடுக்கி, மண்ணைத் தள்ளி மூடினார்கள். பின்னொரு நாள் யாராவது மண்வெட்டி போட்டால் முதலில் செங்கல்லில் பட்டு நிற்குமாம். எல்லாம் முடிந்து, சுவிட்சைக் கொட்டகைக் கதவுக்கு உள்பக்கம் வைக்கிறேன் என்று ஆ லியோங் பலகையில் பென்சிலால் கோடு போட்டபோது அத்தை முற்றத்துக்கு வந்தார்.

"அங்க வேணாம். சுவிட்ச் வீட்டுக்குள்ள, சாமி படத்துக்குப் பக்கத்துல இருக்கணும்."

"விளக்கு இங்கே. சுவிட்ச் அங்கே எதுக்கு?" என்றார் ஆ லியோங்.

"விளக்கு வைக்கிறது வீட்டுக்குள்ள இருந்துதான் வைக்கணும். சீக்காளி கையால வைக்கக்கூடாது. அதுவும் வெளியில உட்கார்ந்துகிட்டு அவளே வச்சுக்கிட்டா அதுக்குப் பேரு விளக்கா?"

அப்பா இதை மலாயில் எப்படிச் சொன்னாரோ. ஆ லியோங் காதிலிருந்த சிகரெட்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, "சரி லா, சாமி பக்கத்துலேயே போடறேன். சாமிக்கு ஷாக் அடிச்சா என்னைக் கேட்காதே" என்றார். ஒயரைத் திரும்ப வீட்டுக்குள் இழுத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில், என் கைக்கு எட்டுகிற உயரத்தில், கறுப்பு வட்டச் சுவிட்சை முடுக்கினார்.

என் கைக்கு எட்டுகிற உயரம் ஏன் என்று சொல்ல வேண்டும். அத்தை தன் கணவர் போன நாளிலிருந்து அந்தி விளக்கைத் தொட்டதில்லை. தான் தொடக்கூடாது என்று அவரே வைத்துக்கொண்டது. அதுவரை விளக்கு வைத்தவர் அம்மா. இப்போது மீதி இருந்தது நான். குளித்து, தலை வாரி, காமாட்சி விளக்கை ஏற்றி, விழுந்து கும்பிட்டு, அதன் பிறகு சுவிட்சைப் போட வேண்டும். படுக்கப் போகும்போது "விளக்கை அணை" என்று சொல்லக்கூடாது. கரண்டு விளக்காக இருந்தாலும் "குளிர வை" என்றுதான் சொல்ல வேண்டும் என்பது அத்தையின் கட்டளை. எனக்கு அது பெரிய பதவியாக இருந்தது. ஒரு விரலால் நான் தட்ட, முற்றத்துக்கு அந்தப் பக்கம் பலகை இடுக்குகளில் எல்லாம் மஞ்சள் கோடு கோடாக வெளிச்சம் வரும்.

சில நாளில் எனக்கும் அம்மாவுக்கும் ஒரு பேச்சு உண்டாகிவிட்டது. நான் விளக்கைப் போட்டு, ஒரு தரம் நிறுத்தி, மறுபடி போடுவேன். அம்மா தம்ளரால் கட்டில் பக்கச் சுவரில் அடித்திருந்த தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை, ஆனால் நாள் முழுக்க நான் அதற்காகவே காத்திருந்தேன். தம்பி இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை எங்கள் வீட்டுப் பக்கம் விடமாட்டார்கள். நான் வாயைத் திறந்து பேசியது தவுக்கேயின் வாத்துகளோடுதான்.

தீபாவளி நெருங்கியபோது அம்மாவுக்கு மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சு தெளிந்துவிட்டது என்று அப்பா வந்து சொன்னார். "அப்ப உள்ளே கூட்டிக்கலாமா அக்கா?" என்று அவர் கேட்டதும் நான் சோற்றுத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். அத்தை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "தீபாவளி கழியட்டும், பார்ப்போம்" என்றார். அத்தை பார்ப்போம் என்றால் பார்க்கமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

அந்த வாரம் அப்பா என்னைத் தேக்காக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனார். சிராங்கூன் சாலை முழுக்க ஜனம். மல்லிகையும் பட்டுத்துணியும் எண்ணெய்ப் பலகாரமும் ஒன்றாக மணத்தன. வளையல் கடையில் எனக்கு ஒரு டஜன் எடுத்த பிறகு, அம்மாவுக்கும் வேண்டும் என்றேன். அளவு கேட்டதற்கு என் இரண்டு கை விரல்களையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினேன்.

"அம்மாவையே கூட்டிட்டு வந்திருக்கலாமே, கண்ணு" என்றார் கடைக்கார அம்மா.

"அம்மா ஊருக்குப் போயிருக்காங்க" என்றேன் நான். அப்பா வேறு எங்கோ பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கப்பல் வேலைக்குப் போய்விட்டார். நான் அம்மாவுக்கு வாங்கிய சிவப்பு வளையலை எடுத்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்கு ஓடினேன். முக்காலியைத் தாண்டி, படியில் காலை வைத்துவிட்டேன். நெஞ்சு தெளிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்களே. என் கையாலேயே அம்மா கையில் போட்டுவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அம்மா கட்டிலிலிருந்து எழுந்து, "அங்கேயே நில்லு" என்றார். நான் நிற்கவில்லை. "சொல்றேன்ல, போ அந்தப் பக்கம்" என்று, காலால் கதவைத் தள்ளிச் சாத்திவிட்டார். கதவு என் முழங்கையில் பட்டது. வலி ஒன்றும் பெரிதில்லை. வளையலை முக்காலியின் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

அன்று அந்தியில் குளித்தேன், தலை வாரினேன், காமாட்சி விளக்கை ஏற்றினேன், கும்பிட்டேன். சுவிட்சைப் போடவில்லை. சமையலறை ஜன்னலில் நின்று, முற்றம் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டாவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் தகரத்தில் இரண்டு தட்டுக் கேட்டது. பிறகு இன்னும் இரண்டு. நான் அசையவில்லை.

"ஏன்டி, அங்க விளக்கு வைக்கலையா?" என்று அத்தை கேட்டார்.

"பல்பு போயிடுச்சு அத்தை."

அத்தை கொட்டகைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். "சரி, உங்கப்பன் வந்து பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் காலையில் கஞ்சியை வைத்துவிட்டு நான்கு எட்டு பின்னால் வந்து நின்றேன். கதவு திறந்து ஒரு கை வந்தது. கை நிறையச் சிவப்பு வளையல். அம்மா என்னைப் பார்த்தார். இருட்டில் இருந்ததைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த நிமிடமே ஓடிப் போய்ச் சுவிட்சைப் போட்டிருப்பேன். ஆனால் பட்டப்பகலில் யார் விளக்குப் போடுவார்கள்? சாயந்திரம் போடலாம் என்றால், போன பல்பு எப்படி எரிந்தது என்று அத்தை கேட்பார். சொன்ன பொய்யை எப்படித் திரும்ப வாங்குவது என்று பகலெல்லாம் யோசித்தேன், எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. அப்பாவோ வரக் காணோம்.

இரண்டாம் நாள் அந்தி மழையோடு வந்தது. நான் காமாட்சி விளக்கை மட்டும் ஏற்றிவிட்டு ஒதுங்கி நின்றேன். மழை விட்டதும் அத்தை ஜன்னல் பக்கம் வந்து, வெளியே பார்த்தபடி வெகு நேரம் நின்றார். அங்கே கொட்டகை இருக்கிற இடமே தெரியவில்லை. ஒரு தரம் இருமல் கேட்டது. "தாலி கட்டின பொண்ணு, ரெண்டு நாளா விளக்கில்லாம உட்கார்ந்திருக்கா" என்றார். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை. பிறகு சாமி படத்தின் முன்னால் போய் நின்று, எரிகிற காமாட்சி விளக்கை இரண்டு கையாலும் எடுத்தார்.

எரிகிற விளக்கை இடம் பெயர்க்கக்கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். விளக்கைத் தொடமாட்டேன் என்று இத்தனை வருடம் இருந்தவரும் அவர்தான். ஒரு கையில் விளக்கைப் பிடித்து, மறு கையால் காற்றுக்கு மறைப்புக் கொடுத்து, சேற்றில் வெறுங்காலோடு, பள்ளம் மூடிய தடத்தின் மேலேயே நடந்து போனார். முக்காலியைக் காலால் ஒதுக்கினார். கதவு திறந்தது. உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

வீட்டில் நான் ஒருத்தி. தலைக்கு மேலே கரண்டு விளக்கு எரிந்தது, அது எரிந்து என்ன. கொட்டகையிலிருந்து பேச்சுக்குரல் வந்தது, சொல் ஒன்றும் புரியவில்லை. பிறகு அம்மா சிரிக்கிற சத்தம். எத்தனையோ மாதமாக நான் கேட்காத சிரிப்பு. எதற்குச் சிரித்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்குத் தராததை அத்தைக்குக் கொடுத்துவிட்டார் என்றுதான் அப்போது தோன்றியது. என்னையும் அங்கே யாராவது நினைக்க வேண்டும் என்று இருந்தது. சுவிட்சைப் போட்டேன்.

இடுக்கெல்லாம் வெளிச்சம் வந்தது. உடனே அத்தையின் குரல், எனக்குக் கேட்கட்டும் என்றே உரக்க: "பார்த்தியா, செத்துப் போன பல்பு உயிரோட வந்துடுச்சு."

"விடுங்க அண்ணி, சின்னப் பிள்ளை" என்றார் அம்மா. கதவு திறந்தது. "பாக்கியம், இங்க வா." அத்தனை மாதத்தில் அம்மா என்னை வா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "வா பாக்கியம், உள்ளே வா."

நான் போகவில்லை. அரிசி டிரம்முக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். அடிப்பார்கள் என்ற பயமில்லை; எங்கள் வீட்டில் யாரும் அடிக்கமாட்டார்கள். பொய்க்காரி என்று தெரிந்துவிட்ட முகத்தோடு எப்படிப் போவது என்ற வீம்பு. அம்மா இன்னொரு தரம் கூப்பிட்டார். பிறகு தகரத்தில் இரண்டு தட்டு. அதற்கும் நான் எழுந்திருக்கவில்லை. அத்தை திரும்பி வந்து விளக்கை அதன் இடத்தில் வைத்துவிட்டு, டிரம் பக்கம் பாராமலே, "சாப்பிட வா" என்றார். அந்தப் பொய்யைப் பற்றி அவர் அப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அப்பா வந்ததும் அத்தையே சொன்னார், "அவ உள்ளேயே வரட்டும், என் பக்கத்துல படுத்துக்கட்டும்." தீபாவளிக்கு முன்னாலேயே அம்மா வீட்டுக்குள் வந்துவிட்டார். நான் நினைத்த மாதிரி இல்லை. அம்மாவும் அத்தையும் பக்கத்தில் பக்கத்தில் படுத்து அக்கா தங்கை போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா தனித் தட்டு, தனித் தம்ளரைக் கடைசிவரை விடவில்லை. நான் அருகில் போனால், அது பழக்கம்தான், கை தானாகவே எழுந்து என்னைக் கொஞ்சம் நிறுத்தும். போகச் சொல்லாது, வரவும் சொல்லாது. ஒருமுறை வா என்றபோது நான் போயிருந்தால் அந்தக் கை இறங்கியிருக்குமோ என்று நினைத்துக்கொள்வேன்.

சில வருடத்தில் நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டு எங்களுக்கு ஐந்தாம் மாடியில் வீடு கொடுத்தது. முதல் நாள் அப்பாவும் ஜொகூரிலிருந்து திரும்பிவிட்டிருந்த தம்பியும் அறை அறையாகப் போய் எல்லாச் சுவிட்சையும் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். அம்மா தன் அறைச் சுவிட்சுக்கு முன்னால் நின்றுகொண்டு, "நீ போடு" என்றார் என்னிடம். அன்று மட்டுமில்லை, எனக்குக் கல்யாணமாகும்வரை ஒவ்வொரு அந்தியும் அப்படித்தான். தன் கையெட்டில் சுவிட்ச் இருந்தும் நான் வரட்டும் என்று உட்கார்ந்திருப்பார். எண்பதுகளில் நான் கல்யாணமாகித் தோ பாயோவுக்குக் குடிபோன பிறகு, அப்பா போனில் சொல்லிச் சிரிப்பார்: "உங்கம்மாவுக்கு நீ இல்லாட்டி பொழுது இருட்டவே இல்லைன்னு நினைப்பு. விளக்குப் போடாம உட்கார்ந்திருக்கா லா."

ஒருநாள் வேலை முடிந்து, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி அங்கே போனேன். அத்தை அப்போது இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா இருட்டில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். நான் சுவிட்சைப் போட்டதும் திரும்பிப் பாராமலே, "வந்துட்டியா" என்றார். நான் கட்டிலின் அந்த ஓரத்தில் உட்கார்ந்து, "அம்மா, அன்னைக்குக் கொட்டகையில..." என்று ஆரம்பித்தேன். "இரு, தேத்தண்ணி கலக்கிட்டு வரேன்" என்று எழுந்துவிட்டார். அதோடு சரி. அதற்குப் பிறகு அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்த வருடம் அவரும் இல்லை.

அந்த மேட்டை வெட்டிச் சமமாக்கி ரோடும் கடைகளும் பள்ளிக்கூடமும் கட்டிவிட்டார்கள். அப்பா புதைத்த இரும்புக் குழாயை எடுத்துப் பழைய இரும்புக்குப் போட்டார்களோ, மண்ணோடு சேர்த்து அமுக்கிவிட்டார்களோ, தெரியாது. நான் வயதான காலத்தில் அதே ஆங் மோ கியோவுக்கே வந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் தனித்தனியாக இருக்கிறார்கள். எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் ஏழு மணியானால் நடைபாதை விளக்கெல்லாம் தானாகவே எரிந்துவிடும். யாரும் போட வேண்டியதில்லை. வீட்டுக்குள் நான்தான் போட்டுக்கொள்ள வேண்டும். போடுகிறேன். கொஞ்ச நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு, அப்புறம்.